பத்துக் கேள்விக்கும் ஒரே பதில்

கடிதம் எழுதத் தெரியாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்துத்தான் அந்த அலுவலகத்தில் வேலைக்கு வைக்கிறார்கள் போலிருக்கிறது. மாதம் பிறந்த அன்றே அக்கா வீட்டுக்கு வந்த கடிதம் இரண்டு பக்கம். முப்பத்திரண்டு வருஷம் இன்னோர் அலுவலகத்தில் விண்ணப்பங்களை வாங்கி, சரிபார்த்து, பாதியைத் திருப்பியனுப்பி ஓய்வு பெற்றவள் நான். எனக்கே மூன்று தடவை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அக்கா மகனைக் காலையில் குளிப்பாட்டி உடுத்திவிட அவர்கள் அனுப்புகிற உதவியாளர் இனியும் தேவையா என்று பார்க்க, இருபத்தெட்டாம் தேதி ஓர் அதிகாரி வீட்டுக்கு வருவாராம். பத்துக் கேள்வி கேட்பாராம். பையன் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வான் என்று தெரிந்தால் உதவியாளரை நிறுத்திவிடுவார்களாம். இதைச் சொல்ல இரண்டு பக்கம்!

பையன் என்று நான் சொல்கிறவனுக்கு முப்பத்தொரு வயது. பிறக்கும்போதே மூச்சு முட்டிப் பிறந்தவன். கால் இரண்டும் அவனைத் தாங்காது. இடது கை மடங்கியே இருக்கும். வலது கை, அவன் பத்து தடவை சொன்னால் ஒரு தடவை கேட்கும். பேச்சு பன்னிரண்டு வார்த்தை, அதிலும் பாதி எங்களுக்கு மட்டும் புரியும். எடை எண்பத்திரண்டு கிலோ. வீட்டில் அவனைத் துரை என்றுதான் கூப்பிடுவோம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் வேலை வாங்குகிறவனுக்கு வேறென்ன பெயர் பொருந்தும்? யாராவது தடுக்கி விழுந்தால் முதலில் சிரிப்பது அவன்தான். நான் யாரையாவது திட்ட ஆரம்பித்தால், திட்டு முடிவதற்குள்ளேயே சிரிக்க ஆரம்பித்துவிடுவான். அந்த அளவுக்குப் புரியும் அவனுக்கு.

உதவியாளர் ஆறு வருஷமாக வருகிறார். காலை சரியாக ஏழரைக்கு மணியடிப்பார். அதனால் அவர் பெயர் ஏழரை. மற்ற வீடுகளில் ஏழரை வந்துவிட்டதென்று தலையில் கை வைப்பார்கள். எங்கள் வீட்டில் ஏழரை வராவிட்டால்தான் கெட்ட காலம். அவர் வந்து துரையைத் தூக்கி, குளிப்பாட்டி, பல் தேய்த்துவிட்டு, கால்சட்டை மாட்டி, சட்டையைத் தோளில் போட்டுவிட்டுப் போனால்தான், எட்டே முக்காலுக்கு வருகிற வேனில், அவனைப் போன்றவர்களைப் பகலில் பார்த்துக்கொள்கிற பகல் நிலையத்துக்குத் துரை போக முடியும். அங்கே கரண்டிகளைக் காகித உறையில் போடுகிற வேலை அவனுக்கு. அவன் போனால்தான் அக்கா ஒன்பது மணிக்குத் தன் கடைக்குப் போக முடியும். ஏழரை நின்றால் எல்லாம் நிற்கும். துரையைத் தூக்க வீட்டில் வேறு ஆள் கிடையாது. அத்தான் இருபது வருஷம் லாரி ஓட்டி, அப்புறம் பன்னிரண்டு வருஷம் மகனைத் தூக்கி, முதுகெலும்பைத் தொலைத்துக்கொண்டவர். ஒரு வாளி தண்ணீருக்கு மேல் தூக்கினால் படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொன்னால் அவளுக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

ஊரிலேயே பெரிய ஆயத்த ஆடைக் கடையின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து கால்சட்டைகளை வெட்டித் தைப்பவள் அவள். முன்பக்கம் கண்ணாடியும் விளக்குமாக ஜொலிக்கும். வாங்கியது யாருக்கும் சரியாக இருக்காது என்பதால் எல்லாம் கடைசியில் பின்பக்கம் அக்காவிடம்தான் வரும். ஆளை ஒரு பார்வை பார்த்தால் போதும், கால் நீளம் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். "இடுப்பு அளவைக் குறைச்சுச் சொல்றதுல ஆம்பளைங்களை அடிச்சுக்க ஆள் கிடையாதுடி. மூணு விரற்கடை பொய் சொல்லிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க" என்பாள். ஐம்பத்தொன்பது வயது. யாரிடமும் எதற்கும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

துரைக்கு இரண்டு வயதானபோது ஒரு பெரிய டாக்டர், "இந்தக் குழந்தைகிட்ட எதையும் எதிர்பார்க்காதீங்கம்மா" என்றார். அக்கா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "உங்ககிட்டயும்தான் எதுவும் எதிர்பார்க்கல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கட்டணத்தைக் கட்ட நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது. அன்றிலிருந்து அவள் வீட்டில் பாவம் பார்க்கிறவர்களுக்கு இடமில்லை. "ஐயோ, உன் கஷ்டம் யாருக்கு வரும்" என்று ஆரம்பிக்கிறவர்கள் தேநீர்கூடக் கிடைக்காமல் திரும்பிப் போவார்கள். தெய்வக் குழந்தை என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போன ஒருத்தியை, "தெய்வம்னா நீயே உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக் கும்பிடு" என்று வாசல்வரை துரத்தினாள். எனக்கு அன்று பரம திருப்தி.

பட்டன் கதையும் அப்படித்தான் வந்தது. துரைக்கு இருபத்து மூன்று வயதிருக்கும்போது, தலைவழியாக மாட்டுகிற பனியன், ஒட்டுகிற பட்டை வைத்த சட்டை என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். அக்கா கேட்கவில்லை. "என் பிள்ளைக்குச் சட்டைன்னா பட்டன் வச்ச சட்டைதான். அதையும் அவனே போட்டுக்குவான்" என்றாள். பழைய கோட்டுப் பட்டன் ஆறு எடுத்து ஒரு சட்டையில் தைத்தாள். காஜாவைப் பட்டனைவிட இரண்டு மடங்கு பெரிதாக வெட்டினாள். துரையின் வலது கை அதற்குள் பட்டனைத் தள்ளப் பழக எட்டு மாதம் ஆயிற்று. பழகியதும் அடுத்த சட்டை. பட்டன் ஒரு சுற்று சிறிது, காஜா ஒரு நூல் குறைவு. அவன் அதற்குப் பழக, அடுத்தது. இப்படி ஏழு சட்டை, நாலு வருஷம். ஏழாவது சட்டை கடையில் விற்கிற எல்லாச் சட்டையையும் போலத்தான் இருந்தது. அதில் ஆறு பட்டனையும் அவன் போட்டு முடித்த அன்று அக்கா கடைக்கு விடுப்புப் போட்டாள். அவளாக விரும்பி விடுப்புப் போட்டு நான் பார்த்தது அன்றுதான். ஆறு பட்டனுக்கு அன்று ஒரு மணி நேரம். இப்போது இருபத்தைந்து நிமிஷம்.

அதற்குப் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் இதே காட்சிதான். உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் அக்கா துரையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, "காட்டுடா" என்பாள். அவன் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு, கழுத்தை நீட்டி, போட்டுக் காட்டுவான். வந்தவர்கள் வேறு வழியில்லாமல் நாலு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். போட்டு முடித்ததும் "பட்டன்!" என்று கத்துவான். அது அவனுடைய பன்னிரண்டு வார்த்தைகளில் ஒன்று. சில பேர் கை தட்டுவார்கள். தட்டாதவர்கள் மறுபடி வரத் தேவையில்லை.

இப்படிப்பட்டவளிடம்தான் நான் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டி, "அக்கா, பத்துக் கேள்விக்கும் முடியாதுன்னு சொல்லணும்" என்றேன்.

"யாருக்கு முடியாது?" என்றாள்.

"துரைக்குத்தான்."

"போடி இவளே."

சண்டைக்கு அவளுக்கு நேரமில்லாத மாதம் அது. பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். ஊரில் உள்ள அத்தனை பிள்ளைகளும் விடுமுறையில் அரை ஜாண் வளர்ந்திருந்தார்கள். வாங்கின சீருடைக் கால்சட்டை எல்லாம் ஒன்றரை ஜாண் கூடுதல் நீளம். கடை முதலாளி அவற்றைக் குவித்துவைத்து, "அக்கா, நாளைக்கு, நாளைக்கு" என்று மந்திரம்போல ஓதிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே நாள் நாளைக்குத்தான். அக்கா கடையில் தைத்தது போதாதென்று மூட்டை கட்டி வீட்டுக்கும் கொண்டுவந்தாள். அதே மாதத்தில் துரையின் நாற்காலிச் சக்கரம் ஒன்று விட்டுப்போனது. பகல் நிலையத்தில் புதிதாக ரத்தப் பரிசோதனை கேட்டார்கள். அத்தானுக்கு முதுகில் ஊசி போட மூன்று நாள் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் ஓடினது நான்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். வேறு யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதற்கு நடுவில் அத்தானின் தம்பி தினம் ஒரு போன். டயர் விற்கிறவர். வாயில் வருகிறதெல்லாம் யோசனை என்று நினைப்பு, அதனால் நாங்கள் ஆலோசகர் என்று பெயர் வைத்திருந்தோம். "ஒரு வாரம் ஷேவ் பண்ணாம விடுங்க. அழுக்குச் சட்டை போடுங்க. வாய் ஒழுகினா துடைக்காதீங்க. பார்க்கிறவனுக்கு அடிவயிறு கலங்கணும்" என்றார். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாள் வந்து அண்ணன் மகனுக்கு ஒரு வாய்ச் சோறு ஊட்டியதில்லை. வந்த நாலு தடவையும் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். அக்கா போனை வாங்கி, "நீங்க முதல்ல உங்க வாயைத் துடைங்க" என்று வைத்துவிட்டாள்.

ஆனால் ஒத்திகை வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். என் வீடு அதே கட்டடத்தில் இரண்டு மாடி கீழே. அக்கா சாயங்காலம் மூட்டையோடு வரும்போது மடக்கி உட்காரவைப்பேன். துரைக்கு முன்னால் இதையெல்லாம் பேசக் கூடாது என்பது என் ஏற்பாடு. பெரிய பக்குவம் என்று எனக்கு நினைப்பு. மேசைக்கு அந்தப் பக்கம், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, நான் அதிகாரி.

"உங்க மகன் தானா சாப்பிடுவாரா?"

"சாப்பிடுவான். கொஞ்சம் சிந்துவான்."

"அக்கா!"

"பின்னே என்னடி? அத்தானைவிடக் கம்மியாத்தான் சிந்துறான்."

"கொஞ்சம்கிறதுக்கெல்லாம் அந்தப் படிவத்துல இடம் கிடையாது. ரெண்டே கட்டம். ஆமா, இல்லை. இருபத்தஞ்சு நிமிஷத்துல பட்டன் போடறவனும் ஒண்ணுதான், இருபத்தஞ்சு நொடியில போடறவனும் ஒண்ணுதான் அவங்களுக்கு. நீ ஆமான்னு சொல்லு, மறுநாளே ஏழரையை நிறுத்திடுவான்."

"அப்போ புத்தி இல்லாதவன் படிவம் போட்டவன். அவனுக்காக என் பிள்ளையை நான் ஏன் குறைச்சுச் சொல்லணும்?"

"தானா பல் தேய்ப்பாரா?"

"பிரஷ்ஷைக் கையில வச்சா தேய்ப்பான்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். பத்தாம் தேதி, பதினொன்றாம் தேதி, பன்னிரண்டாம் தேதி, மூன்று நாளும் இதே கதை. முடியாது என்ற வார்த்தை அவள் தொண்டைவரை வந்து திரும்பிப் போனது. அத்தானாவது தேறுவார் என்று ஒரு நாள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். முதல் கேள்விக்கே, "உயிர் மட்டும்தாங்க இருக்கு, உடம்புல ஒண்ணுமில்லைங்க" என்று கண்ணைக் கசக்கினார். பள்ளிக்கூட நாடகத்தில் நடிக்க இடம் கிடைக்காத ஆசை அவருக்கு. "அத்தான், அன்னிக்கு நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம். முதுகு வலின்னு உள்ளேயே படுத்திருங்க" என்றேன். மனிதருக்குக் கோபம், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, நிம்மதியாக இருந்தது.

பதினேழாம் தேதி ஏழரை தன் மகளுக்குப் பிரசவம் என்று நாலு நாள் விடுப்பில் போனார். அவருக்குப் பதில் ஆள் கேட்டு அந்த அலுவலகத்துக்கு நான் போன் செய்தேன். "குடும்பத்தினர் பார்த்துக்கொள்ளலாமே மேடம்" என்று ஒரு குரல் தேன் ஒழுகச் சொன்னது. குடும்பத்தினர் பார்த்துக்கொண்ட லட்சணம் இது. முதல் நாள் வேன் ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டுத் துரை இல்லாமலே போய்விட்டது. அக்கா கடைக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் முதலாளி, "நாளைக்குக் காலையில நீங்க வரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்க்கா, தப்பா நினைக்காதீங்க" என்றார். பதினெட்டு வருஷம் அந்த ஜன்னல் இல்லாத அறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளிடம்!

அதனால் மூன்றாம் நாள் எப்படியாவது எட்டே முக்காலுக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரம். குளியலறையில் நாற்காலியிலிருந்து துரையைத் தூக்கும்போது, டாக்டர் சொன்னதை மறந்து அத்தானும் கை கொடுத்தார். சோப்புத் தண்ணீர். அத்தான் முதுகைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். எண்பத்திரண்டு கிலோவும் அக்கா மேல் வந்தது.

நான் ஓடிப் போய்ப் பார்த்தபோது மூன்று பேரும் ஈரத் தரையில் கிடந்தார்கள். அக்காவின் வலது மணிக்கட்டு துரையின் அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. துரை தனக்கு அடிபட்டதற்கு அழவில்லை. "ம்மா, வலி. ம்மா, வலி" என்று அக்காவின் கையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான். எனக்கு மனசு இளகவில்லை, எரிந்தது. அந்தத் தேன் குரல்காரியைக் கொண்டுவந்து அந்தத் தரையில் உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரையும் லிஃப்ட் பழுது பார்க்க வந்திருந்தவரையும் கூப்பிட்டுத்தான் துரையைத் தூக்க முடிந்தது. எலும்பு முறியவில்லை. அக்கா வீங்கின கையில் துணியைச் சுற்றிக்கொண்டு பத்து மணிக்குக் கடையில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் நான் கூப்பிடாமலே என் வீட்டுக்கு வந்தாள். மூட்டையைக் கீழே போட்டாள். மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கேளு" என்றாள்.

கேட்டேன். தானாகச் சாப்பிடுவாரா? முடியாது. பல் தேய்ப்பாரா? முடியாது. படுக்கையில் திரும்பிப் படுப்பாரா? முடியாது. பட்டன் போட்டுக்கொள்வாரா? முடியாது. நாம் சொல்வதைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல முடியுமா? முடியாது. கண்ணை இமைக்காமல் பத்துக்கும் அதே பதில். "போதுமா?" என்று மூட்டையை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டாள். வழிக்கு வந்தாளே என்று எனக்கு அன்று ஒரே பெருமை. சிரிப்பாகக்கூட வந்தது. மடச்சி நான்.

இருபத்தெட்டாம் தேதி பத்து மணிக்கு அதிகாரி வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எழுதுவதற்குப் பலகை மாதிரி ஒரு கணினி டேப். வயது முப்பதுகூட இருக்காது. கொடூரமான ஆளாக இருந்தால் திட்டுவதற்காவது வசதியாக இருந்திருக்கும். நல்ல பிள்ளை. துரையைப் பார்த்ததும், தெருவுக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி, "எ-ப்-ப-டி இருக்கீங்க?" என்று கத்தினார். துரைக்குச் சிரிப்பு. அதோடு சரி, பிறகு கடைசிவரை அவர் துரையின் பக்கம் திரும்பவில்லை.

துரை பகல் நிலையத்துக்குப் போகவில்லை, ஆள் நேரில் இருக்க வேண்டும் என்பது விதி. பனியன் போட்டு உட்காரவைக்கலாம் என்று நான் சொல்லியும் அக்கா கேட்கவில்லை. "வீட்டுக்கு ஆள் வர்றப்போ பனியனோடயா உட்காரவைப்பேன்?" என்று நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்துக் கொடுத்திருந்தாள். வழக்கம்போலக் காலையில் அவனேதான் ஆறு பட்டனையும் போட்டிருந்தான். விருந்தாளி வந்திருக்கிறார் என்று முகமெல்லாம் பல்.

கேள்விகள் ஆரம்பித்தன. சாப்பாடு. "முடியாது" என்றாள் அக்கா. துரை அவள் முகத்தைப் பார்த்தான். பல் தேய்ப்பது. "முடியாது." துரை சிரித்தான், அம்மா ஏதோ வேடிக்கை செய்கிறாள் என்று நினைத்திருப்பான். தலை வாரிக்கொள்வது, முகம் துடைப்பது, திரும்பிப் படுப்பது. முடியாது, முடியாது, முடியாது. அவன் சிரிப்பு நின்று அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"சட்டை பட்டன் தானா போட்டுக்குவாரா?"

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் துரை நிமிர்ந்து உட்கார்ந்தான். இதற்காகத்தானே காத்திருந்தான்! கழுத்தை நீட்டி, மேல் பட்டனை அம்மா கழற்றிவிடுவாள் என்று முகவாயைத் தூக்கிக் காட்டினான். அக்கா அசையவில்லை.

"முடியாது" என்றாள்.

"பட்டன்" என்றான் துரை. "ம்மா, பட்டன்." வலது கையை அவனே சட்டைக்குக் கொண்டுபோனான். கை இரண்டு தடவை வழி தவறி, மூன்றாம் தடவை கழுத்தருகே போயிற்று. அக்கா அதைப் பிடித்து, அவன் மடியில் வைத்து, தன் கையால் அழுத்திக்கொண்டாள்.

"என்னம்மா சொல்றாரு?" என்று அதிகாரி டேப்பிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டார்.

அக்கா அவன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கெட்டது என்று நினைத்தேன். எனக்குத்தான் பதில் எப்போதும் நாக்கு நுனியிலேயே இருக்குமே!

"ஒண்ணுமில்லை சார், தாகமா இருக்காம்" என்றேன். எழுந்துபோய் மூக்கு வைத்த அவனுடைய தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வாயருகே நீட்டினேன். துரை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசிக் கேள்வி. "நாம பேசறதைப் புரிஞ்சுக்கிட்டுப் பதில் சொல்ல முடியுமா அவரால?"

அக்கா அவன் கையை அழுத்திக்கொண்டே இருந்தாள். நான் அவளை முறைத்தேன். உள்ளே கட்டிலில் அத்தான் இருமினார்.

"முடியாது" என்றாள்.

அதிகாரி டேப்பைத் தட்டி முடித்தார். "ரொம்பக் கஷ்டம்மா உங்களுக்கு" என்றார். வேறு நாளாக இருந்தால் அக்கா அவரை வாசல்வரை துரத்தியிருப்பாள். அன்று தலையாட்டினாள். கதவைச் சாத்தியதும் அத்தான் முதுகு வலியை மறந்து எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நான் தேநீர் போட்டேன். துரைக்குப் பிடித்த ரொட்டியைப் பாலில் தோய்த்துக் கொண்டுவந்தேன். வாய் திறக்கவில்லை. "பசியில்லை போல" என்றார் அத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இல்லை, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

மறுநாள் காலை நான் மேலே போயிருந்தேன். எட்டேகாலுக்கு ஏழரை சமையலறை வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சந்தோஷம். நல்ல மனுஷர், ஒன்றும் தெரியாது அவருக்கு.

"அம்மா, தம்பி புதுசா ஒரு வார்த்தை பேசுது!"

அக்கா கையைத் துடைக்காமலே ஓடினாள். துரை பேச்சில் புது வார்த்தை சேர்ந்து நாலு வருஷம் ஆயிற்று. நானும் பின்னால் ஓடினேன். துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சட்டை தோளில் திறந்தபடி கிடந்தது.

"என்னடா சொன்னே? அம்மாகிட்ட சொல்லு, எங்கே, சொல்லு!"

துரை அவளைப் பார்த்தான்.

"முடியா" என்றான்.

அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அக்கா சொல்லவிட்டதில்லை. முதல் தடவையாக அவன் அதைக் கேட்டது முந்தின நாள்தான், அதுவும் பத்து தடவை, அம்மா வாயால். ஏழரை ஒன்றும் புரியாமல் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். அக்காவுக்கு, அத்தானுக்குக்கூட நான் பாடம் நடத்தியிருந்தேன். துரையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சும்மா சொல்லப்போகிறோம்டா, உனக்காகத்தான்டா என்று ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் என்னைவிட நன்றாக நடித்திருப்பான் பயல், நடித்துவிட்டு ஒரு வாரம் சிரித்திருப்பான். அவனுக்கு எல்லாம் புரியும் என்று ஊரெல்லாம் பேசுகிற நான், அவனுக்கென்ன தெரியப்போகிறது என்றுதானே இருந்துவிட்டேன்? ஆலோசகரை வாய்க்கு வந்தபடி திட்டினேனே, எந்த விதத்தில் நான் அந்த ஆளைவிட உசத்தி? என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

முப்பதாம் தேதியும் சட்டை திறந்தே இருந்தது. அன்று பனியனோடுதான் வேனில் போனான். சாயங்காலம் அக்கா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலில் கை வைத்துக்கொண்டு சொன்னாள். "அம்மா பொய் சொன்னேன்டா. ஏழரை மாமாவை அனுப்பிடுவாங்கன்னு பொய் சொன்னேன். உனக்கு எல்லாம் முடியும். அம்மாதான் தப்பு. அம்மாவை மன்னிச்சுக்கடா." மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துரை கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். மடங்காத கையால் அவள் தலையைத் தொட்டான். அக்கா மேல் பட்டனைக் கழற்றி, "காட்டுடா" என்றாள்.

"முடியா" என்றான். கோபமே இல்லை அவனிடம். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்ட குரல்.

மாதத்தின் கடைசி நாள் காலையில் அத்தானின் கைபேசிக்குச் செய்தி வந்தது. அதை நான்தான் வாங்கிப் படித்தேன். உதவியாளர் இன்னும் மூன்று வருஷத்துக்கு வருவார், தினமும் அரை மணி நேரம் கூடுதலாக இருப்பார் என்று போட்டிருந்தது. அத்தான் "பார்த்தியா சின்னவளே, பார்த்தியா!" என்று கத்தினார். ஏழரை இரண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டார். கீழே வேன் ஹார்ன் அடித்தது. துரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அக்கா குனிந்து அவன் சட்டையை இழுத்து நேராக்கினாள். வீக்கம் முழுக்க வடியாத கைதான், ஆனாலும் தையற்காரியின் கை. ஆறு பட்டனையும் போட்டு முடிக்க அவளுக்குப் பத்து நொடிகூட ஆகவில்லை.